கூச்சல் வர்ணனை ஆகாது

கைபேசி ஆட்டங்களை நேரலையில் வர்ணிக்கத் தொடங்கும் இளைஞனுக்கு இன்று மூன்று அறிவுரைகள் தவறாமல் கிடைக்கின்றன. குரலை உயர்த்து. ஒரு நொடியும் நிறுத்தாதே. ஏற்கெனவே பெயர் பெற்றவன் எப்படிப் பேசுகிறானோ அப்படியே பேசு. இம்மூன்றும் பிழையானவை என்பதே நம் கட்சி. பிழையானவை மட்டுமல்ல, தொடக்கக்காரனை என்றென்றும் தொடக்கக்காரனாகவே நிறுத்திவைப்பவை.

இலக்கிய அன்பர்களில் சிலர் இப்போதே முகம் சுளிக்கக்கூடும். சங்கப் பாடலும் சிறுகதையும் பேசவேண்டிய இடத்தில் பப்ஜிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். அவர்களுக்கும் நம்மிடம் விடை உண்டு. சொல்லப்போனால் இக்கட்டுரை இரு சாராரோடும் வழக்காடுகிறது. தொண்டை இருந்தால் போதும், மொழி வேண்டாம் என்கிறது ஒரு சாரார். இதில் மொழியே இல்லை, வெறும் இரைச்சல் என்கிறது மறு சாரார். எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போலத் தோன்றினும் இவர்கள் நம்புவது ஒன்றையேதான். ஆட்ட வர்ணனை ஒரு மொழிச் செயல் என்பதை இருவருமே ஏற்கவில்லை.

நாம் ஏன் இதில் தலையிடுகிறோம்? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவன். கருத்தரங்கத் தாள் வாசிக்கச் சொன்னால் குனிந்த தலை நிமிராமல் வாசித்து முடித்து அமர்ந்துவிடுவான். வாய்மொழித் தேர்வில் தெரிந்த விடையையும் விழுங்குவான். அதே மாணவன் இரவில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகமறியாத நூறு பேருக்கு முன்னால் இரண்டு மணி நேரம் தமிழில் பேசுகிறான். எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. கண்ணெதிரே நிகழ்வதற்கு அந்தக் கணத்திலேயே சொல் தேடுகிறான். மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் நாம் அவனுக்குக் கொடுக்கத் தவறிய பயிற்சி இது. அங்கே அவன் எப்படிப் பேசப் பழகுகிறானோ அப்படித்தான் நாளை நேர்காணலிலும், ஊர்க்கூட்டத்திலும், தன் பிள்ளையிடத்திலும் பேசுவான். ஆகவே அவன் அங்கே எதைக் கற்றுக்கொள்கிறான் என்பது தமிழாசிரியரின் கவலைதான்.

ஆட்டமும் வர்ணனையும்

அறியாதார்க்காகச் சிறு விளக்கம். பிஜிஎம்ஐ எனப்படும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். போட்டிகளில் வழக்கமாக நால்வர் கொண்ட 16 அணிகள், ஆக 64 பேர், ஒரே நிலப்பரப்பில் குதிக்கின்றனர். எராங்கல் என்னும் கற்பனைத் தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளமும் எட்டுக் கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இறங்கியவர்கள் வீடு வீடாகப் புகுந்து ஆயுதம் திரட்டுவர். இதற்கு லூட் என்று பெயர். பின்னர் ஜோன் எனப்படும் வட்டம் படிப்படியாகச் சுருங்கும். வட்டத்துக்கு வெளியே நிற்பவனின் உயிர் தேயும். உள்ளே வர வேண்டுமென்றால் பிறர் துப்பாக்கிக்கு முன் நடந்தாக வேண்டும். இறுதிவரை நிற்கும் அணி வெல்லும்.

இதில் வர்ணனையாளனின் இக்கட்டைக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் பந்து ஒன்று. எல்லாக் கண்ணும் அதன்மேல். இங்கோ ஒரே நொடியில் நான்கு மூலைகளில் நான்கு சண்டைகள் நடக்கக்கூடும். திரை ஒன்றே. அத்திரை எந்த நேரத்தில் எவன் கண்வழியாகக் காட்ட வேண்டும் என்பதையும் பெரிய போட்டிகளில் வேறொருவர் தீர்மானிக்கிறார். திரையின் ஓரத்தில் யார் யாரை வீழ்த்தினார் என்ற பெயர் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். சிதறிக் கிடக்கும் இவற்றையெல்லாம் ஒரு கதையாகக் கோக்க வேண்டியவன் வர்ணனையாளன். காப்பியப் போர்க்களத்தைப் பாடியவனுக்கு இருந்த சிக்கலேதான் இது. ஒரே வேறுபாடு: புலவனுக்கு ஓலையும் எழுத்தாணியும் போதிய நேரமும் இருந்தன. இவனுக்கு அரை நொடி.

சட்டத்துக்குப் புறம்பான விளையாட்டைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். வரலாறு அவர்கள் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் மீண்டது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் அதன் போட்டியொன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2 தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது. போட்டி முடிந்த ஓரிரு வாரங்களுக்குள், அதே ஜூலை இறுதியில், ஆட்டம் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடியும் வந்தது. இடையே 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்றது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அது பதக்கப் போட்டியாகவே நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. ரம்மிக்குச் சொல்ல வேண்டிய வசவை இதன்மேல் கொட்டுவது முறையன்று.

காணாதவனுக்கும் காண்பவனுக்கும்

இனி முதல் அறிவுரைக்கு வருவோம். ‘நிறுத்தாதே, நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இரு’ என்பதன் பிறப்பிடம் வானொலி.

1927 ஜனவரி 15 அன்று லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்திலிருந்து இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே நடந்த ரக்பி ஆட்டத்தை பிபிசிக்காக டெடி வேக்கலம் வர்ணித்தார். அவருக்குப் பயிற்சி இல்லை, முன்மாதிரியும் இல்லை. தயாரிப்பாளர் ஓர் உபாயம் செய்தார். பார்வையற்ற ஒருவரை அவர் அருகில் அமர்த்தி, இவருக்கு விளங்கும்படி சொன்னால் போதும் என்றார். ஒரு வாரம் கழித்து ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகளின் கால்பந்தாட்டம் ஒலிபரப்பானபோது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்த படத்தை ரேடியோ டைம்ஸ் இதழ் அச்சிட்டது. வேக்கலம் ஆட்டத்தைச் சொல்ல, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தவர்கள் படத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தனர்.

நம் வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்தபோதும் கடமை இதுவே. கேட்பவருக்குக் கண் இல்லை, வர்ணனையாளரே கண். பார்வையற்ற மன்னனுக்குக் குருக்ஷேத்திரத்தை உரைத்த சஞ்சயனை முதல் வர்ணனையாளன் என்று மேடைதோறும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அவனும் இந்த வகையைச் சேர்ந்தவனே.

ஆனால் கைபேசி ஆட்டத்தின் நேரலையைப் பார்ப்பவன் திருதராட்டிரன் அல்லன். அவனுக்குக் கண் இருக்கிறது. திரை எதிரே இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஆட்டத்தை அவனே ஆடியும் இருப்பான். அவனிடம் போய், “ஓடுறான், ஓடுறான், சுடுறான், அடிச்சான், செம்ம அடி, விழுந்துட்டான்” என்று சொல்வதில் என்ன பயன்? அவன் கண்டதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லுகிறோம். அதுவும் அரை நொடி தாமதமாக. தொடக்கக்காரர்களின் பேச்சில் பெரும்பகுதி இப்படி வீணாவதை எந்த நேரலையிலும் காணலாம்.

காண்பவனுக்கு எது குறைவு? ஏன் என்பது தெரியாது. அடுத்து என்ன என்பது தெரியாது. திரைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது தெரியாது. இவன் யார், இவனுக்கு இந்த ஆட்டத்தில் என்ன வேண்டும் என்பது தெரியாது. வர்ணனையாளன் நிரப்ப வேண்டிய இடம் அது.

கடைசி வட்டத்தில் இரண்டு பேர் வயல்வெளியில் படுத்திருக்கும் காட்சியை எண்ணிக்கொள்ளுங்கள். திரையில் எதுவுமே நடக்கவில்லை. கூச்சல் வர்ணனையாளன் இங்கே திணறுவான். நேரலைக்கு வந்தவர்களின் பெயரைப் படித்து வணக்கம் சொல்லத் தொடங்குவான். தேர்ந்தவன் இப்படிச் சொல்வான்: “நாலு பேர்ல ரெண்டு பேர் போயாச்சு. மிச்ச ரெண்டு பேரும் படுத்திருக்காங்க. வட்டம் அவங்களுக்கு எதிர்ப்பக்கமா போகுது. அரை நிமிஷத்துல எழுந்தே ஆகணும். எழுந்தா மேட்டு மேல இருக்கிறவன் பார்த்துடுவான். எழுந்திருக்கலன்னா ஜோன் கொன்னுடும்.” இதில் ஒரு வியப்புக்குறி இல்லை. குரல் உயரவில்லை. ஆனால் பார்ப்பவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். ஒன்றும் நிகழாத அரை நிமிடத்தை, மொழி, நிகழ்ச்சியாக்கிவிட்டது.

கட்டியங்காரனின் பள்ளி

இந்தக் கலையைக் கற்க லண்டனுக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. காண்பவர் நடுவே நின்று பேசும் கலை நம் வட்டாரத்தின் சொந்தக் கலை. தெருக்கூத்தின் கட்டியங்காரனைத்தான் சொல்கிறோம்.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் தம் வழிபாட்டின் மூல இடமாகத் திரௌபதி அம்மன் பக்தர்கள் கருதுவர். ஆல்ஃப் ஹில்டிபீட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூலின் முதல் தொகுதிக்கு ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்ற பொருளில்தான் துணைத்தலைப்பு இட்டார். அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகலில் பிரசங்கியார் காணாததைக் காட்டுகிறார், அவர் வானொலி. இரவில் கட்டியங்காரன் காண்பதற்குப் பொருள் சொல்கிறான், அவன்தான் நேரலை.

திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் வருகிறான். கிரீடமும் புஜக்கட்டையும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. கட்டியங்காரன் அவற்றை வர்ணிப்பதில்லை. ‘வந்த காரியம் என்ன?’ என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்வியில் சபைக்கு வேண்டியது முழுவதும் வெளிவந்துவிடும். மன்னன் செந்தமிழில் முழங்கினால் இவன் ஊர்த்தமிழில் அதை உடைத்துப் போடுவான். கதை இறுகும்போது ஒரு கேலி செய்து தளர்த்துவான். துகிலுரியும் காட்சியில் வாயை மூடிக்கொள்ளவும் அவனுக்குத் தெரியும். அறியாமை நடிப்பதும், விளக்குவதும், ஒதுங்குவதும் அவன் தொழில். பெரிய மின்விளையாட்டுப் போட்டிகளில் இருவர் அமர்ந்து வர்ணிப்பர். ஒருவர் நிகழ்வைச் சொல்வார், மற்றவர் காரணத்தைச் சொல்வார். இதை மேலைநாட்டுக் கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறவர்கள் ஓர் இரவு கூத்து மேடைக்கு முன் அமர்ந்து பார்க்கட்டும்.

இன்னொரு பள்ளியும் நம்மிடமே உண்டு. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாடல். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞனின் குறுகிய போர் அது. தோல்வியில் முடிந்த போர். அது எப்படி இத்தனை தலைமுறை நெஞ்சில் நின்றது? பாடியவன் போருக்கு முன்பே வேலையை முடித்துவிட்டான். நீலவேணி என்னும் குதிரையை நமக்கு அறிமுகம் செய்தான். மோவுத்துகான் என்னும் நண்பனை அறிமுகம் செய்தான். அந்த நண்பன் தன் திருமணப் பந்தலிலிருந்தே எழுந்து போர்க்களத்துக்கு வந்தவன் என்று சொல்லிவைத்தான். பிறகு வாள் வீச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கேட்பவனே பதறுவான்.

தொடக்கக்காரன் பெற வேண்டிய பாடம் இதுவே. ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில், எல்லாரும் லூட் எடுத்துக்கொண்டிருக்கும் மந்தமான பொழுதில்தான் வர்ணனை வெல்கிறது அல்லது தோற்கிறது. இந்த அணி சென்ற சுற்றில் எங்கே இறங்கியது, இன்று ஏன் இடம் மாற்றியது, இவர்களுக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும், இவன் ஏன் வண்டியை விடமாட்டான் என்பதையெல்லாம் அப்போது விதைத்தால் கடைசி வட்டத்தில் அறுவடை செய்யலாம். விதைக்காதவனுக்குக் கூச்சல் ஒன்றே மிச்சம்.

ஒரே மெய்ப்பாடு

‘குரலை உயர்த்து’ என்னும் அறிவுரையைப் பார்ப்போம். ‘எனர்ஜி வேணும்’ என்பார்கள். எனர்ஜி என்றால் என்ன என்று கேட்டால் சத்தம் என்று பொருள் சொல்வார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். நம் நேரலைகளில் எஞ்சியிருப்பது மருட்கை ஒன்றுதான். வாகனம் வந்தாலும் மருட்கை. கதவு திறந்தாலும் மருட்கை. வென்றாலும் தோற்றாலும் அதே ‘ஐயோ, ஐயோ’. பெருமிதம் எங்கே? நாலு பேரைத் தனியொருவனாக எதிர்த்து நின்று தோற்பவனுக்கு உரியது அதுவல்லவா? அச்சம் எங்கே? அது தாழ்ந்த குரலில் அல்லவா வரும்? நகை எங்கே? தான் எறிந்த குண்டில் தானே விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் ஏன் அலறுகிறோம்?

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஏறியவர் அறிவர். அடிவாரத்திலேயே ஓடத் தொடங்கியவன் பாதியில் அமர்ந்துவிடுவான். குரலும் அப்படியே. முதல் நிமிடத்தில் உச்சிக்குப் போனவனுக்குக் கடைசி வட்டத்தில் ஏற இடம் இராது. மைக்கும் அதைத் தாங்காது. ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொட்டதும் சொல் சிதைந்து வெறும் கரகரப்பாகும். மேலும், இந்த ஆட்டத்தில் ஓசை என்பது செய்தி. மாடிப்படியில் காலடிச் சத்தம், தொலைவில் வண்டிச் சத்தம், மெளனக்கருவி பூட்டிய துப்பாக்கியின் மெல்லிய ஒலி ஆகியவற்றை வைத்தே ஆடுபவர்கள் உயிர் பிழைக்கின்றனர். காலடி கேட்கும் கணத்தில் பேச்சை நிறுத்தி, பார்ப்பவனையும் அதைக் கேட்கவைப்பவனே வர்ணனையாளன். ‘ஒரு நொடியும் நிறுத்தாதே’ என்றவன் இந்த ஆட்டத்தைச் சரியாக ஆடியதில்லை என்று ஐயுறுகிறோம்.

எந்தத் தமிழ்?

மூன்றாம் அறிவுரை போலி செய்தல் பற்றியது. இங்கே இரு பக்கமும் குழி.

ஒரு பக்கம், ஆங்கிலச் சொற்றொடர்களையே வரிசையாக அடுக்கி இடையில் ‘மக்களே’ என்று ஒரு தமிழ்ச்சொல்லைத் தூவுகிறவர்கள். தென்னார்க்காட்டுப் பேச்சை மறைத்துக்கொண்டு சென்னைப் பண்பலைக் குரலில் பேச முயல்கிறவர்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ‘திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம்’ என்று நடத்துநர் ஒரே மூச்சில் அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் காதில் விழும். எதை நீட்ட வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்பதை அந்தத் தொண்டை அறியும். அந்தக் குரலை வீட்டிலேயே விட்டுவிட்டு இரவல் குரலோடு மைக்கின் முன் அமர்பவனை யார் நம்புவார்? பதற்றமான கணத்தில் இரவல் குரல் கழன்று விழும் என்பதே உண்மை.

மறு பக்கம் நம்மவர்கள். ஜோன், லூட், நாக், ஸ்மோக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தமிழ்ச் சொல் ஆக்கித் தந்தாலன்றி இதைத் தமிழ் என்று ஏற்கமாட்டோம் என்பார்கள். கலைச்சொல் ஆக்கம் நல்ல பணியே. நாமும் அதை மதிப்பவர்களே. ஆனால் நொடிக்கு நொடி ஓடும் ஆட்டத்தில், ஆடுபவன் அறியாத சொல்லைச் சொல்லி அதற்கு விளக்கமும் சொல்வதற்குள் அணியே அழிந்துவிடும். நம் ஊர்களின் கபடி மைதானத்தில் மைக் பிடிப்பவர் ரைடர், போனஸ், சூப்பர் டேக்கிள் என்றுதான் சொல்கிறார். ஆனால் பெயர்ச்சொல் மட்டுமே இரவல், வினை அவருடையது. ‘உரசினார்’, ‘மடக்கினார்’, ‘நழுவினார்’, ‘கோட்டைத் தொட்டுவிட்டார்’ என்று வினைகளில் அவர் செல்வந்தர். ஆட்ட வர்ணனைக்கும் அதுவே வழி. பெயர் எங்கிருந்தும் வரட்டும். வினைச்சொற்கள் தமிழாக இருக்கட்டும். ‘பதுங்கினான்’, ‘எட்டிப் பார்த்தான்’, ‘சுற்றி வளைத்தார்கள்’, ‘விட்டுக் கொடுத்தான்’, ‘தப்பினான்’ ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ‘பண்ணான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதே வறுமை.

வறுமையின் கடைக்கோடி வசைச்சொல். 2021 ஜூன் மாதம், பப்ஜி நேரலையில் பெண்களை ஆபாசமாகப் பேசியதாக எழுந்த புகார்களின்பேரில் யூடியூபர் ஒருவர் தருமபுரியில் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இலட்சக்கணக்கானோர், சிறுவர்கள் பலர். அச்செய்தி வந்தபோது ஒட்டுமொத்த ஆட்ட வர்ணனையையே கரித்துக்கொட்டினோம். ஆனால் இலட்சம் பேர் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்கவில்லை. தமிழில் விறுவிறுப்பாகப் பேசும் வேறு குரலை நாம் அவர்களுக்குக் கொடுத்திருந்தோமா? 1927இல் வேக்கலத்தின் முன் ஓர் அட்டை வைக்கப்பட்டிருந்ததாம்: வசைச்சொல் கூடாது என்று. நேரலை பிறந்த நாளிலேயே அந்த அபாயமும் பிறந்துவிட்டது. பதற்றத்தில் சொல் கிடைக்காதபோது வாயில் வசை வந்து நிற்கும். கையிருப்பில் சொல் உள்ளவனுக்கு அது தேவைப்படாது. பெண் குரல் கேட்டதும் அணியினர் பேசும் பேச்சுக்கு அஞ்சி மைக்கை அணைத்துவிட்டே ஆடும் மாணவியர் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளை வர்ணிக்க வர வேண்டுமானால், இன்று வர்ணிப்பவனின் நாக்கு திருந்தியாக வேண்டும்.

பழகும் முறை

குறை சொல்லி நிறுத்திவிடுவது நம் நோக்கமன்று. தொடக்கக்காரன் செய்யத்தக்கவை சில.

முடிந்துபோன போட்டி ஒன்றின் பதிவை எடுத்துக்கொள். ஒலியை அணைத்துவிடு. பத்து நிமிடம் மட்டும் வர்ணித்துப் பதிவு செய். அன்றே கேட்காதே, மறுநாள் கேள். எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று தாளில் கோடு போட்டு எண்ணு. ‘செம்ம’ முப்பது முறை வந்திருந்தால் அடுத்த வாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லை மட்டும் விலக்கு. வாரத்துக்கு ஒரு குறை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புகுந்தால் நாக்கு கட்டிக்கொள்ளும்.

அதே பத்து நிமிடத்தை மறுபடியும் வர்ணி. இம்முறை திரையில் தெரிவதைச் சொல்லக் கூடாது என்று விதி வைத்துக்கொள். ஏன், அடுத்து என்ன, வெளியே என்ன என்ற மூன்றை மட்டும் சொல். கடினமாக இருக்கும். இருக்கட்டும்.

நிலப்படத்தை மனத்தில் எழுது. ஊர்ப்பெயர், பாலம், மேடு எல்லாம் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அணிகளுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். நேரலையில் பணம் அனுப்பியவர் பெயரைப் படிப்பதென்றால் சண்டை ஓய்ந்தபின் படி. கடைசி வட்டத்தில் நன்றி சொல்லாதே. நண்பன் ஒருவனை உடன் அமர்த்திக்கொண்டு ஒருவர் நிகழ்வும் ஒருவர் காரணமும் சொல்லிப் பழகுங்கள். அடுத்தவன் பேசும்போது பொறுத்திருப்பது தனிப் பயிற்சி. வாய்ப்புக் கிடைத்தால் ஊர்க் கபடிப் போட்டியில் ஒரு நாள் மைக் பிடி. எதிரே நிற்கும் கூட்டம் சலித்துக்கொண்டால் உடனே தெரிந்துவிடும்; திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கூட்டம் சொல்லாமல் போய்விடும்.

இதனால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பலருக்குக் கிடைக்காது. ஆட்டமே ஓர் உத்தரவில் மறைந்துபோகும் என்பதை 2020உம் 2022உம் காட்டின. இரவெல்லாம் விழித்துப் படிப்பைத் தொலைக்கும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பத்து நிமிடப் பயிற்சிக்கு இரவு விழிக்க வேண்டியதில்லை. ஆட்டம் மறைந்தாலும் கண்டதைக் கோவையாகச் சொல்லும் நாக்கு மறையாது. செய்தியாளனுக்கும் வழக்குரைஞனுக்கும் ஆசிரியனுக்கும் அதுவே முதல்.

நிறைவாகத் தமிழ்த்துறை நண்பர்களுக்கு. நம் இலக்கிய மன்றங்களில் பட்டிமன்றம் நடத்துகிறோம். அங்கே பேசப்படுவது என்ன? தலைப்பைத் தாண்டிய துணுக்கும் கைதட்டலுக்கான ஏற்ற இறக்கமும் அன்றி வேறில்லை. அந்த மேடையைப் போற்றிக்கொண்டு மாணவனின் கூச்சலை மட்டும் பழிக்க நமக்கு என்ன தகுதி? மெய்ப்பாட்டியலை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போடுகிறோம். அது உயிரோடு தேவைப்படும் ஓர் இடத்தை மாணவனே கண்டுபிடித்துக் காட்டும்போது கதவைச் சாத்துகிறோம். இந்தக் கல்வியாண்டில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஏதேனும் ஒரு கல்லூரியின் தமிழ் மன்றம் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கட்டும். ஒரு திரை, ஒரு மைக், ஒலி அணைக்கப்பட்ட ஓர் ஆட்டம். ஒருவருக்குப் பத்து நிமிடம். நடுவராகக் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைப்போம். கட்டியங்காரன் வேடம் கட்டியவராக இருந்தால் இன்னும் நன்று. எவன் உரக்கப் பேசினான் என்று அவர் பார்க்கமாட்டார். எவன் பேசியபோது தமக்கு ஆட்டம் விளங்கிற்று என்று மட்டும் சொல்வார். அத்தீர்ப்பை நாமும் மாணவரும் சேர்ந்தே கேட்போம்.